அத்தை அனுப்பின எக்பீட்டர்

அம்மன் துணை
மட்டாஞ்சேரி, கொச்சி
17.11.2025

அம்ருதாக் குட்டிக்கு அத்தை ராக்கம்மாள் எழுதுதேன்.

நீ கேம்புக்குப் போயி ஒரு வாரம் ஆச்சு. போகும்போது எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. எதிர்வீட்டு கமலாக்ஷி சேச்சி சொல்லித்தான் தெரியும். “மோளு திருவனந்தபுரம் வண்டி ஏறிட்டாளே, நீங்க யாத்ரயாக்க ஸ்டேஷனுக்குப் போகலியோ?”ன்னு கேக்கா. எனக்கு வயித்துவலின்னு சொல்லிச் சமாளிச்சேன். நல்லா இருக்குற வயித்துக்கு நோவு சொல்ல வச்சுட்டியே.

கேம்புல ஃபோன வாங்கி வச்சுக்கிட்டு ஞாயித்துக்கிழமை மட்டும் குடுப்பாங்களாமே. அந்தக் கொஞ்ச நேரத்துல உங்கப்பனக் கூப்பிட்ட. நடுவுல ஒத்தச் சுவருதான, எல்லாம் கேக்குது. “அத்தைகிட்ட குடுக்கட்டா?”ன்னு என் தம்பி கேக்கான். நீ என்ன சொன்னியோ, “சரி சரி”ன்னு வச்சிட்டான். அதான் கடுதாசி. இத வைக்க முடியாதுல்ல.

நான் அப்படி என்ன செஞ்சிட்டேன்? நீயே நெனச்சுப் பாரு. மேட்ச் பாக்க வான்னு கூப்பிட்ட, வந்தேன். நீ ஒரு தடிச்சி முதுகுல ஒட்டிக்கிட்டு மிதந்த. நல்லாத்தான் இருந்துச்சு, கொளத்துல பூ மெதக்குற மாதிரி. திடீர்னு பாத்தா நீ இல்ல. தொப்பி இல்ல, கை இல்ல, குமிழி மட்டும் வருது. அந்தத் தடிச்சி ஒண்ணுந் தெரியாத பிள்ள மாதிரி ரெண்டு கையையும் மேல தூக்கிக் காட்டுதா. ரெஃபரிப் பய விசில வாயில வச்சுக்கிட்டு கரையில ஒலாத்துதான். பெத்தவன் பக்கத்துல பொரி தின்னுட்டு இருக்கான். யாருமே அசையலன்னா நான் என்ன செய்ய? “எங்க பிள்ளைய முக்கிக் கொல்லுதாங்களே!”ன்னு கத்துனேன். கையில கொடதான் இருந்துச்சு, வீசுனேன். அது தண்ணிக்குள்ள விழும்னு நான் கண்டேனா? அவ தலையில விழணும்னுதான் வீசுனேன்.

மேட்ச நிப்பாட்டிட்டாங்க. சரி. உசுரு பெருசா மேட்ச் பெருசா?

அம்மன் குங்குமம் வச்சிருக்கேன். தண்ணியில எறங்குறதுக்கு முன்ன இட்டுக்கோ, அழிஞ்சா அழியட்டும். நல்லாச் சாப்பிடு. பதில் போடு.

அத்தை

*

திருவனந்தபுரம்
24.11.2025

அன்புள்ள அத்தைக்கு,

மலையாளத்தில் எழுதினால் உங்களால் வாசிக்க முடியாது என்பதால் தமிழில் எழுதுகிறேன். நீங்கள் சொல்லித்தந்த தமிழ்தான். பிழை இருந்தால் அதில் உங்களுக்கும் பங்குண்டு.

என்னை யாரும் கொல்லவில்லை. நான் முங்கினேன். நானாக முங்கினேன்.

வாட்டர் போலோவில் எங்கள் கோல் கம்பத்துக்கு முன்னால் எதிர் டீமின் ஆள் ஒருத்தி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருப்பாள். அவள் கைக்குப் பந்து வந்தால் கோல். வராமல் பார்த்துக்கொள்வது என் வேலை. தண்ணீருக்கு மேலே ஒருவரை ஒருவர் தொட்டும் தொடாமலும் இருப்போம். கீழே அவள் என் தொடையைக் காலால் பூட்டுவாள், நான் அவள் இடுப்பைப் பிடிப்பேன், உடுப்பைப் பிடித்து இழுப்பாள், விலாவில் முழங்கை இறங்கும். மேட்சுக்கு முன்னால் எங்கள் நகத்தைப் பரிசோதிக்கிறார்களே, எதற்கு என்று நினைத்தீர்கள்? ரெஃபரிக்கு மேலே நடப்பது மட்டும்தான் தெரியும். அதனால்தான் அவள் கையைத் தூக்கிக் காட்டினாள். அப்போது என்னைப் பிடித்திருந்தது அவளுடைய கால்.

நான் அவளோடு மல்லுக்கட்டி மேலே வந்திருக்கலாம். வராமல் கீழேயே இருந்தால், கொஞ்ச நேரத்தில் அவளுக்குப் பொறுமை போய்விடும், கையால் என் தோளை அமுக்குவாள். அது ரெஃபரி கண்ணில் படும். விசில் வரும். பந்து எங்களுக்கு. இதற்கு மூச்சு வேண்டும், அதைவிட மனசு வேண்டும். அன்றைக்கு அவள் கை என் தோளில் வந்துவிட்டது, அத்தை. விசிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். விசில் வந்தது. மேலே வந்து பார்த்தால், விசில் உங்கள் குடைக்கு.

ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றோம். இங்கே எல்லாரும் என்னை ‘குட’ என்று கூப்பிடுகிறார்கள். “குட, தட்டில் சோறு விளம்பு.” “குட, லைட்டை அணை.”

அதைக்கூடச் சகித்துக்கொள்வேன். கோச் மஞ்சுஷா மேடம் என்னை ரிசர்வில் உட்கார வைத்துவிட்டார். ஜனவரியில் இங்கேதான் நேஷனல் மேட்ச். கடைசிக் குவார்ட்டரில் நான் தாழ்ந்து போகிறேனாம். “அம்ருதே, நின்டெ எக்பீட்டர் போரா, போதாது. நல்ல எக்பீட்டர் இல்லாதவருக்கு முதல் ஏழில் இடமில்லை” என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். இருபது வயதுக்குள் எத்தனையோ தோற்றிருக்கிறேன், அன்றைக்குத்தான் குளத்துக்குள்ளேயே அழுதேன். அதில் ஒரு சௌகரியம், யாருக்கும் தெரியாது.

அப்பாவிடம் சொல்ல வேண்டாம்.

அம்ருதா

*

அம்மன் துணை
மட்டாஞ்சேரி
29.11.2025

மோளே,

கடுதாசி வந்துச்சு. நியூஸ் வாசிக்குறவ மாதிரி எழுதுத. சந்தோசம். நாலு தடவ வாசிச்சேன், ஒரு தடவ உங்க மாமாவுக்குச் சத்தமா. அந்த மனுசன் இஸ்திரிப்பெட்டியக் கீழ வச்சிட்டுக் கேட்டாரு, ஒரு சட்டையில தீஞ்ச வாடை வந்தப்பொறந்தான் ரெண்டு பேருக்கும் சொரண வந்துச்சு.

மொதல்ல ஒண்ணு கேக்கேன். முங்குனது நீயா, முக்குனது அவளான்னு கேலரியில இருக்குறவளுக்கு எப்படித் தெரியும்? கூப்பிட்டுட்டுப் போற பிள்ள இதெல்லாம் முன்கூட்டியே சொல்லணுமா வேண்டாமா? “அத்தே, நான் இன்ன மாதிரி செத்தவ மாதிரி கெடப்பேன், நீங்க பதறாதீங்க”ன்னு ஒரு வார்த்த? நான் அந்தத் தடிச்சிய இன்னமும் மன்னிக்கல. அது வேற.

‘குட’ன்னு கூப்பிடுறவளுக பேரெல்லாம் எழுது. ஒண்ணுஞ் செய்ய மாட்டேன், அம்மன் காதுல போட்டு வைக்கேன்.

இப்ப முக்கியமான விசயம். ஒரு சாமானம் இல்லங்கறதுக்காக எங்க பிள்ளைய ரிசர்வுல ஒக்கார வைப்பாளா அந்த மேடம்? கவுருமெண்டு கேம்பு, அவங்களே வாங்கித் தரப்படாதா? போகட்டும். நேத்து பஜாருக்குப் போயி நல்ல எக்பீட்டரா ஒண்ணு வாங்கிட்டேன். இத்தோட பார்சல்ல வருது. கடைக்காரன் கரண்டுல ஓடுறதத்தான் காட்டுனான், இப்ப எல்லாரும் அதத்தான் கொண்டுபோறாங்கன்னு. “எங்க பிள்ளைக்கு வெள்ளத்துல வச்சுத்தான் ஜோலி, கரண்டு அடிச்சா நீ பதில் சொல்லுவியா?”ன்னு கேட்டேன். அப்பறம் பரண்ல ஏறி இத எடுத்துக் குடுத்தான். கையால சுத்துறது. பிடி மரம், கம்பி எல்லாம் எவர்சில்வர், துரு ஏறாது. ரெண்டு பக்கமும் ஜோரா சுத்துது.

முட்டைய அடிச்சுக் குடிச்சாத்தான் நாலாவது குவார்ட்டர்ல தெம்பு வரும்னு மேடம் சொல்லியிருப்பா, எனக்குப் புரியாம இல்ல. நான் மண்டல விரதத்துல இருக்கேன், முட்டைய எட்டிப் பாக்க மாட்டேன். ஆனா ஒனக்காக அந்த சாமானத்தக் கையால தொட்டு, மஞ்சத் தண்ணியில கழுவி, அம்மன் பாதத்துல வச்சு எடுத்தேன். பூசாரி பாலையா “இது என்னக்கா ஆயுதம்?”ன்னான். “நம்ம பிள்ளைக்கு நேஷனல்ல வேணும், பூவப் போடு”ன்னேன். போட்டான்.

மேடத்துகிட்ட காட்டு. இனிமே இல்லன்னு சொல்ல முடியாது.

அத்தை

*

திருவனந்தபுரம்
8.12.2025

அன்புள்ள அத்தை,

பார்சல் வந்தது. மெஸ்ஸில் எல்லார் முன்னாலும் பிரித்தேன். அதுதான் நான் செய்த தவறு.

எக்பீட்டர் என்பது கால், அத்தை! வாட்டர் போலோவில் தரையைத் தொடக் கூடாது, தொடவும் எட்டாது. நின்ற நிலையில் மிதப்பதற்குக் காலைச் சுற்றுவோமே, அந்தச் சவிட்டு உதைக்குப் பெயர்தான் எக்பீட்டர். இதை நான் சொல்லி முடிப்பதற்குள் கூட ஆடும் ரோஜா சிரித்துச் சிரித்துச் சாம்பாரைத் தட்டிவிட்டாள். உங்கள் கடிதத்தையும் பிடுங்கி என்னையே வாசிக்க வைத்தார்கள். கரண்டு விஷயம் வந்தபோது சமையல்காரச் சேச்சிகூடத் தரையில் உட்கார்ந்துவிட்டார். மஞ்சப்பொடி இன்னும் பல் சக்கரத்தில் ஒட்டியிருக்கிறது.

மஞ்சுஷா மேடமும் சிரித்தார். பிறகு அதைக் கையில் வாங்கி இரண்டு சுற்று சுற்றினார். சிரிப்பை நிறுத்திவிட்டு, “ஒரு பக்கெட் வெள்ளம் கொண்டு வா” என்றார். சோப்புத் தண்ணீரில் வைத்து மெதுவாகச் சுற்றினார். “அம்ருதே, இவிடெ நோக்கு.” ஒரு கம்பிக்கூடு அந்தப் பக்கம் சுற்றுகிறது, மற்றது இந்தப் பக்கம். இரண்டும் ஒன்றன் இடத்துக்கு ஒன்று வருகிறது, ஆனால் முட்டிக்கொள்வதில்லை. ஒன்று தள்ளி முடிக்கும்போது மற்றது தள்ளத் தொடங்கியிருக்கும். தண்ணீர் சும்மா இருக்கும் நேரமே கிடையாது.

“நீ ரெண்டையும் ஒண்ணா சவிட்டுற” என்றார்.

சிறு வயதில் தவளை நீச்சல்தானே முதலில் படித்தேன். அந்தப் பழக்கம் போகவே இல்லை. இரண்டு காலும் சேர்ந்து உதைக்கும், சேர்ந்து ஓய்வெடுக்கும். அந்த ஓய்வில் தாழ்வேன், மறுபடி ஏறுவேன். மேட்ச் முழுக்க மாடிப்படி ஏறி இறங்குகிற மாதிரி. கடைசிக் குவார்ட்டரில் கால் இருக்குமா? இதை மேடம் எனக்கு வாயால் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

இப்போது தினமும் காலையில், எல்லாரும் நீந்தும்போது நான் மட்டும் ஓரத்தில் தண்ணீர் நிரப்பிய கேனைத் தலைக்கு மேலே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காலைச் சுற்றுகிறேன். கேன் முகத்தில் விழுந்தால் முதலிலிருந்து. இடுப்பு மூட்டில் யாரோ உப்பைக் கொட்டித் தேய்ப்பது மாதிரி எரிகிறது. படியிறங்கும்போது கிழவி மாதிரிப் பக்கவாட்டில் இறங்குகிறேன். கரையிலிருந்து பார்க்கிறவருக்கு, ஒரு பெண் தண்ணீரில் சும்மா நிற்கிறாள், அவ்வளவுதான். நன்றாகச் செய்தால் இன்னும் சும்மா நிற்பது போல் தெரியும்.

ஒலிம்பிக்ஸில் ஆண்கள் இதை 1900இலேயே ஆடினார்கள். பெண்களை ஆட விட்டது 2000இல். கமலாக்ஷி சேச்சியிடம் போன வருடம் சொன்னேன், “நீச்சல்தானே மோளே, மீன்கூட நீந்துது” என்றார்.

இப்போது யாரும் என்னை ‘குட’ என்று கூப்பிடுவதில்லை. ‘முட்ட’ என்கிறார்கள். முன்னேற்றம்தான்.

அம்ருதா

*

அம்மன் துணை
மட்டாஞ்சேரி
14.12.2025

முட்டக் கண்ணுக்கு,

சிரிக்குறவளுக சிரிக்கட்டும். சாமானம் உபகாரப்பட்டுச்சா இல்லியா? பாலையாகிட்ட சொன்னேன், “பூப் போட்டது வீணாப் போகல”ன்னு.

காலச் சுத்துறது எப்படின்னு எனக்கும் பாக்கணும்னு தோணுச்சு. மாவரைக்குற ஸ்டூல்ல ஒக்காந்து, சேலையத் தூக்கிச் சொருகிக்கிட்டு, ஒரு கால் அந்தப் பக்கம், ஒரு கால் இந்தப் பக்கம். என் தாயே! காலு ரெண்டும் ஒண்ணு சொன்னத ஒண்ணு கேக்கல. உங்க மாமா பின்னால வந்து பாத்தவரு, எனக்கு வலிப்பு வந்துருச்சுன்னு கையில சாவியத் திணிக்காரு. “சாவியும் வேண்டாம் பூட்டும் வேண்டாம், நம்ம அம்ருதா செய்யுற ஜோலி இது, தண்ணியில, தலைக்கு மேல கேனோட”ன்னேன். அவரும் ஒக்காந்து பாத்தாரு. தொடையில பிடிச்சுக்கிட்டு இன்னும் நொண்டுதாரு.

அன்னைக்குச் சாயங்காலம் கமலாக்ஷி சேச்சி மாவு வாங்க வந்தா. பாத்திரத்த வாங்கி வச்சுக்கிட்டு, “ஸ்டூல்ல ஒக்காருங்க சேச்சி”ன்னேன். கால் ரெண்டையும் எதிர் எதிரா சுத்தச் சொன்னேன். ரெண்டு சுத்து, “ஈஸ்வரா”ன்னுட்டா. “இன்னும் கைய மேல தூக்குங்க. இப்ப ஒருத்தி ஒங்க தொடையப் பூட்டுதா, இன்னொருத்தி விலாவுல இடிக்கா, நீங்க சிரிச்ச மொகமா இருக்கணும்”னேன். மீனுப் பேச்ச அன்னைக்கோட நிறுத்திட்டா. இப்ப தெருவுல எவளும் ‘நீச்சல்தானே’ங்கறதில்ல. சொன்னா ஸ்டூல எடுத்துப் போட்டுருவேன்னு தெரியும்.

ஒரு மனக்கொற இருக்கு. ஜனவரி மேட்சுக்கு வீட்டுக்கு ரெண்டு பாஸ் வரும்னு உங்கப்பன்கிட்ட ஃபோன்ல சொன்னியாமே. அவனுக்கும் உங்கம்மைக்கும். நியாயந்தான், பெத்தவங்க. ஆனா ‘அத்தைக்கு’ன்னு ஒரு பேச்சு வரலயாம். நான் மௌன விரதம் இருந்துக்கிடுதேன். சத்தியமா. கொட கொண்டுவர மாட்டேன். மழ பெஞ்சா நனைவேன்.

அத்தை

*

திருவனந்தபுரம்
2.1.2026

அன்புள்ள அத்தை,

லிஸ்ட் வந்துவிட்டது. முதல் ஏழில் நான் இருக்கிறேன். பழைய இடம்தான், கோலுக்கு முன்னால். உங்களுக்குத்தான் முதலில் எழுதுகிறேன், அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் தெரியும்.

ஆனால் நீங்கள் வர வேண்டாம்.

கோபம் இல்லை, அத்தை. குடையும் காரணமில்லை. நான் முங்கிக் கிடக்கும்போது மனசில் யாரும் இருக்கக் கூடாது. கேலரியில் நீங்கள் இருப்பது தெரிந்தால், கீழே போனதும் உங்கள் முகம்தான் வரும். அத்தை பதறுவாங்களே என்று தோன்றும். தோன்றினால் விசிலுக்கு ஒரு நொடி முன்னால் மேலே வந்துவிடுவேன். அந்த ஒரு நொடிக்குத்தான் இவ்வளவு நாள் கேன் தூக்கினேன். மறுபடி ரிசர்வுக்குப் போக என்னால் முடியாது.

கோயிலில் இருந்து பிரார்த்தியுங்கள்.

அம்ருதா

*

அம்மன் துணை
மட்டாஞ்சேரி
20.1.2026

என் தங்கத்துக்கு,

ஒன் கடுதாசியப் படிச்சுட்டு ரெண்டு நாள் மாவு போடல. கோயிலுக்குப் போயி ஒக்காந்தேன். ‘தாயே, அவ சொல்லுறது நியாயம், நான் போகல’ன்னு சொல்லிப் பாத்தேன். அம்மன் நம்பல. நானும் நம்பல.

அதனால வந்தேன். மூணாவது எடத்துக்கான மேட்ச் அன்னைக்கு. உங்கப்பனத் திட்டாத, உங்கம்மைதான் அவ பாஸை எனக்குத் தந்தா. கமலாக்ஷி சேச்சியோட கம்பளிச் சால்வையத் தலையோட மூடிக்கிட்டு, கடைசி வரிசையில தூணுக்குப் பின்னால. அந்தப் புழுக்கத்துல கம்பளி! ஒரு பிள்ள வந்து “அம்மச்சி, பனியாணோ?”ன்னு கேக்குது, காய்ச்சலான்னு. தலைய ஆட்டிட்டேன். வாயத் தொறக்கல. பாயிண்டு ஏறுனப்பவும் தொறக்கல. நீ கையத் தூக்கிக்கிட்டு நெஞ்சு வரைக்கும் தண்ணிக்கு மேல எந்திரிச்சு நின்னு பந்த மறிச்சியே, அப்பக்கூட. கரையில இருக்குறவங்க கையத்தான் பாத்தாங்க. எனக்குக் கீழ சுத்துற காலு தெரிஞ்ச மாதிரியே இருந்துச்சு. மூணு குவார்ட்டரு முடிஞ்சும் நீ ஒரு விரக்கட தாழல. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்.

கடைசியில, ரெண்டு பக்கமும் சமமா நிக்கும்போது, நீ முங்குன.

எனக்குத் தெரியும், ஜோலின்னு. நானும் மூச்சப் பிடிச்சேன். குமிழி வந்துச்சு. அப்பறம் குமிழியும் நின்னுச்சு. உங்கப்பன் பொரிப் பொட்டலத்தக் கசக்குதான். அந்நேரம் எனக்கு முன்வரிசையில ஒரு சேட்டன், நல்ல ஆளு, நம்ம டீமுக்குத்தான் கத்திக்கிட்டு இருந்தாரு, “அய்யோ, குட்டி முங்கிப் போயி! ரெஃபரீ!”ன்னு எந்திரிச்சு ஓடப் பாக்காரு. நான் பின்னாலருந்து சட்டையப் பிடிச்சு இழுத்தேன் பாரு, பொத்துன்னு ஒக்காந்துட்டாரு. பட்டனு தெறிச்சிருச்சு. “இரி சேட்டா! அவ அவளோட ஜோலியச் செய்யுதா! நீங்க எடயில போகாதீங்க!”ன்னு சொல்லிட்டேன். சால்வ எங்க போச்சுன்னு தெரியல. விரதம் அந்த எடத்துல முறிஞ்சிருச்சு. அம்மன் ஏத்துக்கிடுவா.

அப்பறம் விசிலு.

பந்து நம்ம கைக்கு வந்ததும், ரோஜா கொண்டு போயி அடிச்சதும் ஒனக்குத் தெரியும். அந்தச் சேட்டன் என்னத் திரும்பிப் பாத்து, “நிங்ஙளுடெ மோளாணோ?”ன்னு கேட்டாரு. “எங்க வீட்டுப் பிள்ள”ன்னேன். தெறிச்ச பட்டனத் தேடி எடுத்து அவரு கையில குடுத்தேன்.

நீ மெடல் வாங்குறதுக்கு முன்ன பஸ் ஏறிட்டேன். நீ பாத்துறப்படாதுன்னு. சொன்ன பேச்சு கேக்காம வந்ததுக்குத் திட்டணும்னா திட்டு, எழுதியே திட்டு. எடுத்து வச்சுக்கிடுதேன்.

அத்தை

*

திருவனந்தபுரம்
24.1.2026

அத்தே,

ஃபோன் திரும்பக் கிடைத்துவிட்டது. இருந்தாலும் எழுதுகிறேன், ஃபோனில் நீங்கள் என்னைப் பேச விட மாட்டீர்கள்.

சால்வை, தூண், காய்ச்சல் எல்லாம் வீண். முதல் குவார்ட்டரிலேயே பார்த்துவிட்டேன். கேலரி முழுக்க ஆளுக்கு ஆள் கத்திக்கொண்டிருந்தார்கள். ஒரே ஒரு பொம்பளை மட்டும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இவ்வளவு பாடுபட்டு வாயை மூட வேண்டியவர் எங்கள் குடும்பத்தில் ஒருவர்தான்.

இரண்டு தடவை முங்க வாய்ப்பு வந்தும் முங்கவில்லை. பயந்துவிட்டேன். மூன்றாவது குவார்ட்டர் முடிந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கும்போது மறுபடி பார்த்தேன். நீங்கள் அப்படியே இருந்தீர்கள். கையை வாயிலிருந்து எடுக்கவே இல்லை.

கடைசியில் எதிராளி என் காலைப் பூட்டியதும் நான் கீழே போனேன். உங்கள் முகம் வந்தது, நான் பயந்த மாதிரியே. காது அடைத்தது, நெஞ்சு முட்டியது. அவள் கை என் தோளில் இன்னும் வரவில்லை. மேலே போய்விடு என்று உடம்பு முழுக்கச் சொன்னது.

நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று தெரிந்துதான் கீழேயே இருந்தேன், அத்தே. விசில் கேட்ட பிறகுதான் வந்தேன்.

அம்ருதா